ப்ரொஜெக்டருக்குக் கட்டளை போகுது, பதில் வர்றதில்லீங்க (பிஜேலிங்க், போர்ட் 4352)

கோபி_மண்டபம்:
வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துல சவுண்டு, லைட்டு, ஸ்கிரீன் மூணும் நான்தான் பாக்கறேன். மேடைக்கு ரெண்டு பக்கமும் சீலிங்ல ஒவ்வொரு ப்ரொஜெக்டர். ரிமோட்டை அமுக்குனா ஒண்ணு ஆன் ஆகுது, இன்னொண்ணு ஆஃப் ஆயிருது. அதான் ரெண்டையும் நெட்வொர்க்குல சேத்தி, லேப்டாப்புல இருந்தே ஓட்டலாம்னு பைத்தான்ல சின்னதா ஒரு ப்ரோகிராம் எழுதியிருக்கேன். ப்ரொஜெக்டரை நெட்வொர்க்குல ஓட்டறதுக்கான பிஜேலிங்க்ங்கற பொதுவான கட்டளை முறைலதான் அனுப்பறேன். பிங் போகுது, அதாவது ப்ரொஜெக்டர் நெட்வொர்க்குல தெரியுது. கனெக்ட் ஆனதும் "பிஜேலிங்க் 0"ன்னு வருது. பவர் ஆன் கட்டளை அனுப்புனா சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்துல லைனும் அறுந்துருது. இணைச்சீர்ச் சடங்கு நடக்கறப்ப பின்வரிசைல இருக்கற பெரியவங்களுக்கு ஸ்கிரீன்ல பாத்தாத்தானுங்க தெரியும். அடுத்த முகூர்த்தத்துக்குள்ள சரி பண்ணோணும்.

ஈரோட்டான்:
கட்டளை முடியற எடத்துல என்ன அனுப்பறீங்க? வரி முடிவைக் காட்டற குறி ரெண்டு இருக்கு, லைன் ஃபீடு, கேரேஜ் ரிட்டர்ன்னு. லைன் ஃபீடா இருந்தா அதான் பிரச்சனை. கேரேஜ் ரிட்டர்ன் வேணும்.

பீளமேடு_ஏவி:
ஈரோட்டுக்காரர் சொன்னது சரிங்க தம்பி. பிஜேலிங்க்ல கட்டளை முடிஞ்சுதுன்னு ப்ரொஜெக்டருக்குத் தெரியறதே கேரேஜ் ரிட்டர்ன் வந்தாத்தான், பதினாறடிமான எண்ணுல 0டி. அது வராத வரைக்கும் இன்னும் ஏதோ வரப்போகுதுன்னு காத்துக்கிட்டே இருக்கும். 30 நொடி பேச்சில்லாம போனா தொடர்பை அறுத்துக்கலாம்னு விதியிலயே இருக்கு. உங்க லைன் போறது அதனாலதான்.

கட்டளையையும் ஒருக்கா பாத்துக்குங்க. விழுக்காட்டுக் குறி, 1, அப்புறம் பி ஓ டபிள்யூ ஆர். நாலே எழுத்து, நடுவுல ஈ கிடையாது. ஒரு இடைவெளி விட்டு 1 போட்டா ஆன், 0 போட்டா ஆஃப், கேள்விக்குறி போட்டா இப்ப எந்த நிலைமைன்னு சொல்லும்: 0 ஸ்டேண்ட்பை, 1 எரியுது, 2 ஆறிக்கிட்டு இருக்கு, 3 சூடாகிட்டு இருக்கு.

நான் கோயமுத்தூர்ல காலேஜ் செமினார் ஹாலுக்கெல்லாம் இந்த வேலைதான் பண்றேன். ப்ரோகிராம் எழுதற பசங்க முக்காவாசிப் பேர் கட்டளையை வரிசையா அனுப்பறாங்களே தவிர, பதிலைப் படிக்கறதே இல்லை. ஆன் பண்ணச் சொன்னா "ஓகே"ன்னு உடனே வந்துரும். கட்டளையை வாங்கிட்டேன்னுதான் அதுக்கு அர்த்தம், லேம்ப் இன்னும் எரிஞ்சிருக்காது. அந்த நேரத்துல இன்புட் மாத்தச் சொன்னா "இஆர்ஆர் 3"ன்னு திருப்பி விட்டுரும், இப்ப முடியாதுன்னு. அதனால நிலைமையைக் கேட்டுக்கிட்டே இருந்து, 1ன்னு பதில் வந்த பொறவு இன்புட்டை மாத்துங்க. டிஜிட்டல் இன்புட்டுக 31ல இருந்து ஆரம்பிக்கும். உங்க மிஷின்ல எதெது இருக்குன்னு ஐ என் எஸ் டி கேள்விக்குறி போட்டாப் பட்டியலே குடுக்கும், ஊகிச்சு அடிக்க வேண்டாம்.

ரிமோட்டுல ஒரே பட்டன்தான் ஆனுக்கும் ஆஃபுக்கும். எந்த நிலைமைல இருந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. இங்க ஆன்னா ஆன், ஆஃப்னா ஆஃப். ஏற்கெனவே ஆன்ல இருக்கறதுக்கு ஆன் அனுப்புனாலும் ஒண்ணும் ஆகாது.

கோபி_மண்டபம்:
அண்ணா, ரிட்டர்ன் போட்டதும் ரெண்டுமே வந்துருச்சுங்க! ரொம்ப நன்றிங்ணா, ஈரோட்டு அண்ணனுக்கும் சேத்தித்தான். இன்னும் ரெண்டு சந்தேகம். மங்கல வாழ்த்துப் பாடறப்ப ஸ்கிரீன் வெளிச்சம் வேண்டாம்ங்கறார், சடங்கை நடத்தற அருமைக்காரர். ஆஃப் பண்ணாம இருட்டாக்க வழி இருக்குதுங்களா? கல்யாணத்துக்கு வர்ற பசங்களும் இதே வைஃபைலதான் இருக்காங்க, பாஸ்வேர்டு போடறது எப்படிங்க?

பீளமேடு_ஏவி:
இருட்டாக்க ஏ வி எம் டி. 11 படத்தை மட்டும் மறைக்கும், 10 திருப்பிக் கொண்டாரும். 31 போட்டா ப்ரொஜெக்டர் ஸ்பீக்கரும் சேந்து அடங்கும். லேம்ப் எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும், அதனால பாட்டு முடிஞ்ச நொடியே படம் வந்துரும்.

பாஸ்வேர்டை ப்ரொஜெக்டர் மெனுவுல போட்டீங்கன்னா "பிஜேலிங்க் 1"ன்னு வந்து, பின்னாடியே எட்டு எழுத்து வரும். அந்த எட்டோட உங்க பாஸ்வேர்டை ஒட்டி எம்டி5 போடுங்க, எழுத்துகளைக் கலக்கி மாத்தற ஒரு கணக்கு அது. கிடைக்கற 32 எழுத்தை முதல் கட்டளைக்கு முன்னால சேத்து அனுப்போணும். எட்டு எழுத்து ஒவ்வொரு தடவையும் மாறும், பழசை எழுதி வெச்சுக்கிட்டா வேலைக்காகாது. ஆனா விருந்தாளிக வைஃபைல ப்ரொஜெக்டர் இருக்கறதே எனக்குப் பிடிக்கலை தம்பி. அதுக்குன்னு தனியா ஒரு சின்ன ரூட்டர் வாங்கிப் போட்டுருங்க. பாஸ்வேர்டு அதுக்கு மேல இருக்கட்டும்.

கல்யாணம் முடிஞ்சு மெயினை இறக்கறதுக்கு முன்னால, ஆஃப் கட்டளை குடுத்து 0 வர்ற வரைக்கும் கேளுங்க. 2ன்னு சொல்லிக்கிட்டு இருக்கறப்ப கரண்டை நிறுத்துனா சூட்டோட ஃபேன் நின்னுரும், லேம்புக்கு நல்லதில்லை.

திருப்பூரான்:
ஈ ஆர் எஸ் டி கேள்விக்குறியும் ப்ரோகிராம்ல சேத்துக்குங்க. ஆறு இலக்கம் வரும்: ஃபேன், லேம்ப், சூடு, மூடி, ஃபில்டர், மத்தது. 0 நல்லது, 1 எச்சரிக்கை, 2 கோளாறு. இங்க பனியன் கம்பெனி மீட்டிங் ஹால்ல பஞ்சுத் தூசிக்கு அஞ்சாவது இலக்கம்தான் மொதல்ல 1 ஆகும். ஏணி போட்டு ஏறிப் பாக்காமயே ஃபில்டர் எப்பத் துடைக்கோணும்னு தெரிஞ்சுக்கலாம்.

கோபி_மண்டபம்:
சேத்திட்டேனுங்க. எடது பக்கத்து மிஷின்ல அஞ்சாவது 1ன்னு காட்டுது. சாயங்காலமே ஏணியை எடுக்கறேன்.