பிப்ரவரியிலேயே அடங்கிவிடும் குளோரின்: ஆர்க்டிக் பெட்டி மாதிரியில் எங்கே பிழை?

கேள்வி
2019–20 குளிர்காலத்தில் ஆர்க்டிக் துருவச் சுழலுக்குள் (துருவத்தைச் சுற்றிவரும் குளிர்காலக் காற்றோட்டம்) 50 ஹெக்டோபாஸ்கல் அழுத்தத்தில், அதாவது ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உயரத்தில், நகர்ந்த ஒரு காற்றுப்பொதியின் வேதிமாற்றங்களைப் பெட்டி மாதிரியில் (பொதியை ஒரே சீரான பெட்டியாகக் கொள்ளும் கணினிக் கணிப்பு) கணித்து வருகிறேன். வெப்பநிலை 195 கெல்வினுக்குக் கீழே இறங்கியதும் மேகத்துகள்கள் உருவாகி, அவற்றின் பரப்பில் ஹைட்ரஜன் குளோரைடு தீர்ந்து, ஜனவரியில் ஓசோனைச் சிதைக்கும் குளோரின் மோனாக்சைடு எதிர்பார்த்தபடியே உயர்கிறது. ஆனால் பிப்ரவரி நடுவில் அது சரிந்து, ஓசோனைத் தாக்காத குளோரின் நைட்ரேட் பெருகி, ஓசோன் சிதைவு நின்றுவிடுகிறது. செயற்கைக்கோள் அளவீடுகளிலோ மார்ச்சிலும் குளோரின் மோனாக்சைடு உயர்ந்தே நீடித்தது. துகள்பரப்பு வினையின் ஏற்புக் குணகத்தை (துகளில் மோதும் மூலக்கூறுகளில் வினைபுரிபவற்றின் பங்கு) 0.2-லிருந்து இருமடங்காக்கிப் பார்த்தும் பயனில்லை.

பதில் 1
ஹைட்ரஜன் குளோரைடு ஜனவரியிலேயே தீர்ந்துவிடுவதாக நீங்களே எழுதியிருப்பதால், அவ்வினையின் வேகம் இங்கே தடையாக இல்லை. வாயுநிலையிலும் துகள்களிலும் உள்ள வினைபுரி நைட்ரஜனை (நைட்ரிக் அமிலம், நைட்ரஜன் ஆக்சைடுகள் போன்றவற்றில் உள்ள நைட்ரஜன்) கூட்டிப் பாருங்கள். டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையே அது குறைகிறதா?

கேட்டவர்
சிறிதும் குறையவில்லை, ஐயா.

பதில் 1
அப்படியானால் காரணம் தெளிவு. உங்கள் துகள்கள் நைட்ரிக் அமிலத்தைப் பிடித்து வைத்திருக்கின்றனவே தவிர, கீழே கொண்டுசெல்வதில்லை. காற்று வெப்பமடைந்ததும் அமிலம் முழுவதும் வாயுவாகத் திரும்பி, சூரிய ஒளியில் சிதைந்து நைட்ரஜன் டைஆக்சைடைத் தர, அது குளோரின் மோனாக்சைடைக் குளோரின் நைட்ரேட்டாகக் கட்டிப்போடுகிறது. 2000 ஜனவரியில் ஆர்க்டிக்கில் விமானம் வழியாகக் கண்டறியப்பட்ட நைட்ரிக் அமில மூவைதரேட்டு (ஓர் அமில மூலக்கூறுடன் மூன்று நீர் மூலக்கூறுகள் சேர்ந்த திண்மம்) துகள்கள் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் விட்டம் கொண்டவை. அத்தகையவை சில நாட்களிலேயே பல கிலோமீட்டர் கீழிறங்கும். ஒரு மைக்ரோமீட்டர் துகளோ நாளொன்றுக்குச் சில பத்து மீட்டரைத் தாண்டாது. எனவே எல்லாத் துகள்களுக்கும் ஒரே சிற்றளவைக் கொள்ளாமல், எண்ணிக்கையில் அரிதான பெருந்துகள் வகை ஒன்றைச் சேர்த்து, அதன் வீழ்ச்சியை ஓர் இழப்பு உறுப்பாக எழுதுங்கள். ஒற்றைப் பெட்டியில் இதற்குமேல் செய்ய இயலாது என்பதே என் கருத்து. மேலடுக்கிலிருந்து விழும் துகள்களையும், அவை கீழே ஆவியாகி அங்கே நைட்ரிக் அமிலத்தைக் கூட்டுவதையும் காட்டச் செங்குத்து அடுக்குகள் தேவை.

பதில் 2
சூரிய உச்சிக்கோணம் (தலைக்கு நேர்மேலிருந்து சூரியன் விலகியிருக்கும் கோணம்) 90 பாகையைத் தாண்டியதும் ஒளிச்சிதைவை நிறுத்திவிடுகிறீர்களா என்பதையும் பாருங்கள். 20 கிலோமீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 94.5 பாகை வரை நேரடி ஒளி எட்டும் என்பதால், கோளவடிவ வளிமண்டலத்தைக் கொண்டு கணிக்க வேண்டும். ஜனவரி மதிப்புகளில் இதன் விளைவு தெரியும்.

கேட்டவர்
இரண்டையும் திருத்தினேன். வினைபுரி நைட்ரஜன் பிப்ரவரி தொடக்கத்துக்குள் பாதிக்கும் கீழாகக் குறைந்து, குளோரின் மோனாக்சைடு மார்ச் நடுப்பகுதி வரை உயர்ந்தே நிற்கிறது. செங்குத்து அடுக்குகளைச் சேர்க்கும் பணியைத் தொடங்கியுள்ளேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.