மறுமொழி: "அத்தியாவசிய எண்ணெய்" வேண்டாம், "ஆவித்தைலம்" என்போம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

செடிகளிலிருந்து எடுக்கும், மணம் மிகுந்த எசென்ஷியல் ஆயிலுக்கு "அத்தியாவசிய எண்ணெய்" என்ற பெயர் பரவிவிட்டது, இனி மாற்ற வேண்டாம் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் என் அத்தை போன மாதம் ஏற்காடு போய்விட்டு வரும்போது லெமன்கிராஸ் (எலுமிச்சைப்புல்) எசென்ஷியல் ஆயில் பாட்டில் ஒன்று வாங்கி வந்தார். மூட்டு வலிக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம். நல்லெண்ணெயை ஊற்றுகிற மாதிரி உள்ளங்கையில் ஊற்றி, முழங்காலில் அப்படியே தேய்த்திருக்கிறார். அரை மணி நேரத்தில் எரிச்சல். கால் சிவந்து தடித்துவிட்டது. தண்ணீர் ஊற்றிக் கழுவியும் போகவில்லை. தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் அடங்கியது. "அத்தியாவசியம்னுதானே போட்டிருக்கு, உடம்புக்குக் கட்டாயம் வேணும்னுதானே அர்த்தம்?" என்று என்னைக் கேட்டார். அத்தை தமிழைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். தப்பு அந்தச் சொல்லில் இருக்கிறது.

இங்கே "எசென்ஷியல்" என்பது "தேவையான" என்ற பொருளில் வரவில்லை. கேக்கில் விடுகிறோமே வெனிலா எசென்ஸ், அந்த எசென்ஸிலிருந்து வந்தது. செடியின் சாரம், மணம் தரும் பகுதி என்றுதான் பொருள்.

"நறுமண எண்ணெய்" போதாதா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கடையில் வாசனை எண்ணெய் என்று கேட்டால் மணம் சேர்த்த தலைமுடி எண்ணெயைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஆய்வகத்தில் செய்த செயற்கை வாசனைத் திரவமும் அதே பெயரில் விற்கிறது. புதிதாக வாங்குகிறவர் முதலில் பிரித்தறிய வேண்டியதே இந்த மூன்றையும்தான். மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் எப்படி? "நறுநெய்" என்றும் ஒரு யோசனை வந்தது. பழந்தமிழில் அது மணக்கும் பசுநெய். இன்றும் நெய் என்றால் சோற்றில் ஊற்றுவது. விழுங்கக் கூடாத பொருளுக்கு அந்தப் பெயர் வேண்டவே வேண்டாம்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு நல்லெண்ணெய், பக்கத்தில் ஒரு சொட்டு யூகலிப்டஸ் தைலம். மறுநாள் காலையில் நல்லெண்ணெய் விழுந்த இடம் கண்ணாடி மாதிரி எண்ணெய்ப் பிசுக்கோடு அப்படியே இருந்தது. தைலம் விழுந்த இடத்தில் பிசுக்கு இல்லை, லேசான வாசம் மட்டும். ஒன்று கொழுப்பு, தங்கிவிட்டது. மற்றது ஆவியாகிப் போய்விட்டது. பெயரில் தெரிய வேண்டியது இந்தக் குணம்தான். அதனால் என் பரிந்துரை "ஆவித்தைலம்". இதைப் பற்றிக் குழுமத்தில் வந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

> தைலம் வடசொல். "ஆவியெண்ணெய்" என்று வைத்தால் என்ன?

எண்ணெய் என்பது எள்+நெய். தைலமும் திலம், அதாவது எள் என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். இரண்டும் எள்ளில் பிறந்தவையே. ஆனால் யூகலிப்டஸ் பாட்டிலைப் பெரும்பாலும் எண்ணெய் என்று சொல்வதில்லை, தைலம் என்றுதான் சொல்கிறோம். தைலம் என்றால் அளவாகத் தொட வேண்டும் என்பதும் ஊருக்கே தெரியும். எண்ணெய் என்றாலோ கை தானாகத் தலைக்குப் போகிறது.

> ஆவியில் வடித்தது என்று தெளிவாக "வடிதைலம்" எனலாமே?

ஆரஞ்சு இடிக்கிறது. சின்ன வயதில் ஆரஞ்சுத் தோலை மடக்கி அடுத்தவர் கண்ணில் பீய்ச்சி விளையாடியிருப்போம். அந்தச் சாரல்தான் ஆரஞ்சின் தைலம். அதைப் பெரும்பாலும் தோலைப் பிழிந்தே எடுக்கிறார்கள், வடிப்பதில்லை. ஆனால் அதுவும் ஆவியாகும். ஆவித்தைலம் என்றால் ஆவி பிடிக்கும் தைலம் என்று சிலர் நினைத்துக்கொள்ளலாம். அத்தைக்கு வந்த எரிச்சலோடு ஒப்பிட்டால் அது சின்னக் குழப்பம்.

இத்தோடு சேர்த்து "கேரியர் ஆயில்", அதாவது ஆவித்தைலத்தைக் கலந்து தடவுகிற சாதாரண எண்ணெய், என்பதற்கும் சொல் வேண்டும். சித்த மருத்துவத்தில் மருந்தோடு கலந்து கொடுக்கும் தேன், பால் போன்ற அனுபானத்தைத் துணைமருந்து என்பார்கள். அதே வழியில் "துணையெண்ணெய்" என்று வைக்கலாம். இந்தச் சொல் இருந்தால் புதியவருக்கு விளக்குவது எளிது: 30 மில்லி துணையெண்ணெய்க்கு 12 சொட்டு ஆவித்தைலம், ஏறக்குறைய 2 சதவீதம், பெரியவர்களின் தோலுக்கு அது போதும். முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும். பிழிந்தெடுத்த எலுமிச்சைத் தைலத்தைத் தடவிக்கொண்டு வெயிலில் போகக் கூடாது. தோல் வெந்துவிடும், சேலத்து வெயிலில் கேட்கவே வேண்டாம். கைக்குழந்தையின் மூக்கருகே யூகலிப்டஸ் தைலம் கூடவே கூடாது. சில மில்லி விழுங்கினாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். மூடியைக் கடிக்கிற வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பாட்டிலைப் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. வடிக்கும்போது தைலத்துக்கு அடியில் தங்குகிற மணமான நீரை ஹைட்ரோசால் என்கிறார்கள். வாலையில், அதாவது வடிகலத்தில், வடித்த நீருக்குச் சித்த மருத்துவத்தில் தீநீர் என்ற பெயர் முன்பே இருக்கிறது, ஓமத் தீநீர் மாதிரி. அதையே இதற்கும் எடுத்துக்கொள்ளலாமா? சித்த மருத்துவம் படித்தவர்கள் யாராவது குழுமத்தில் இருந்தால் எழுதுங்கள்.