மைலோமா இருக்கும் அப்பாவை நடக்கச் சொல்லலாமா?

தென்காசிக்காரன்:
அப்பாவுக்கு 63 வயசு. மல்டிபிள் மைலோமா, அதாவது எலும்பு மஜ்ஜையில வர்ற ரத்தப் புற்றுநோய். வாராவாரம் போர்ட்டிசோமிப் ஊசி, கூடவே டெக்ஸாங்கிற ஸ்டீராய்டு மாத்திரை. வயலுக்கு சைக்கிள்ல போய்வந்த மனுஷன், இப்போ தரையில உட்கார்ந்தா எழுப்பிவிட ஆள் வேணும். "அசையாம படுங்க, எலும்பு ஒடிஞ்சிடும்"னு அம்மா சத்தம் போடுறாங்க. படுத்தே கிடந்தா இன்னும் மோசமாகுமோன்னு எனக்குப் பயம். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கோவை மல்லிகா:
தம்பி, எனக்கும் அதே நோய், அதே ஊசி. அம்மா பயப்படுறதுல நியாயம் இருக்கு. இது எலும்பை அரிக்கிற நோய். முதுகெலும்பு, தொடை எலும்பு எந்த நிலைமையில இருக்குன்னு ஸ்கேனைக் காட்டி டாக்டர்கிட்ட கேட்காம எதையும் ஆரம்பிக்காதீங்க.

ஆனா அப்பா எழ முடியாததுக்கு டெக்ஸாவும் காரணமா இருக்கலாம். அது தொடைச் சதையைக் கரைக்கும். படுத்தே கிடந்தா மிச்சமும் போயிடும். எனக்கு பிசியோ சொல்லிக்கொடுத்தது ஒண்ணுதான்: நாற்காலியைச் சுவரோட ஒட்டிப் போட்டு, கை ஊணாம எழுந்து எழுந்து உட்காரணும். முதல்ல ரெண்டு தலையணை போட்டு உயரம் ஏத்திக்கிட்டேன், அப்புறம் ஒண்ணு, இப்போ வெறும் நாற்காலி. பாத்ரூம் போக மருமகளைக் கூப்பிடுறதில்லை. ரிப்போர்ட்ல நம்பர் குறைஞ்சுதான்னு சொந்தக்காரங்க எல்லாரும் விசாரிப்பாங்க, இதை ஒருத்தரும் கேட்க மாட்டாங்க!

குனிஞ்சு குடம் தூக்குறது, இடுப்பை முறுக்குறது ரெண்டும் கூடவே கூடாது. ஊசியால பாதம் மரத்துப்போகும், செருப்பு கழண்டாலும் தெரியாது. பின்பட்டை வச்ச செருப்பா வாங்கிக் கொடுங்க. டெக்ஸா போட்ட அன்னைக்கு அப்பா பம்பரமாச் சுத்துவார், அதை நம்பி ரொம்ப நடக்க விடாதீங்க. அடுத்த ரெண்டு நாள்ல ஆள் அப்படியே சாய்ஞ்சிடுவார்.

பிசியோ செந்தில்:
அக்கா சொன்னது சரி. ஒவ்வொரு தடவையும் ரத்த ரிப்போர்ட்டைப் பாருங்க. பிளேட்லெட் 20,000-க்குக் கீழேயோ, ஹீமோகுளோபின் 8-க்குக் கீழேயோ இருந்தா, இல்லை காய்ச்சல் அடிச்சா, டாக்டரைக் கேட்காம பயிற்சி வேண்டாம். புற்றுநோய்க்காரங்களுக்கு வாரம் 3 நாள், 30 நிமிஷம் மிதமான நடை சோர்வைக் குறைக்கும்னு 2019-ல வந்த சர்வதேச நிபுணர் பரிந்துரை சொல்லுது. அப்பாவுக்கு அதைப் பத்துப் பத்து நிமிஷமாப் பிரிச்சுக்கலாம். திடீர்னு புது முதுகுவலி, கால்ல பலக்குறைவு, சிறுநீர் அடக்க முடியாம போறது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி.

தென்காசிக்காரன்:
ரொம்ப நன்றி. வியாழக்கிழமை ஊசிக்குப் போறப்போ ஸ்கேன் பத்திக் கேட்கிறேன். மாட்டுத் தொழுவம் வரைக்கும் நடந்துட்டு வரட்டுமான்னு அப்பா இப்பவே கேட்கிறார்.

கோவை மல்லிகா:
தொழுவம் வேண்டாம் தம்பி, கிருமி தொத்திக்கும். டாக்டர் சரின்னா வாசல்ல நடக்கட்டும், மாட்டை அங்கிருந்தே பார்த்துக்கட்டும்.