ஸ்லீப்பிலிருந்து எழுப்பினால் கணினி ரீஸ்டார்ட் ஆகிறது

கேள்வி (சோமனூர்):
வணக்கம். தறிக்கூடத்து நூல் கணக்குக்கும் பில் போடுவதற்கும் விண்டோஸ் 10 உள்ள அசெம்பிள்டு கணினி ஒன்றை வைத்திருக்கிறோம். அதை ஸ்லீப்பில் விட்டுச் சாப்பிடப் போய்வந்து கீபோர்டைத் தட்டினால், ஃபேன் சுற்றுகிறது; ஆனால் விட்ட இடத்துத் திரைக்குப் பதிலாக மதர்போர்டின் லோகோ வந்து, புதிதாக பூட் ஆகிறது. சேமிக்காத பில்கள் போய்விடுகின்றன. வேலை நடக்கும்போது ஒருநாளும் இப்படி ஆனதில்லை. ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவு) கெர்னல்-பவர் 41 (முறையாக மூடாமல் ரீஸ்டார்ட் ஆனது), பக்செக் கோட் 0 என்று இருக்கிறது. தறி மோட்டார்கள் ஓடத் தொடங்கும்போது வோல்டேஜ் இறங்குவதுதான் காரணமா? யூபிஎஸ்ஸை மாற்ற வேண்டுமா?

பதில் (ஈரோடு):
டிஸ்ப்ளே டிரைவரைப் புதுப்பித்துப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் ஃபார்மட் செய்துவிடுங்கள்.

பதில் (கோவை, காந்திபுரம்):
தம்பி, ஃபார்மட் செய்ய அவசரப்பட வேண்டாம். வோல்டேஜ் குறைவுதான் காரணம் என்றால் பில் போடும் நேரத்திலும் கணினி விழுந்திருக்க வேண்டும்; ஆகவே யூபிஎஸ்ஸுக்கு இப்போது செலவு செய்யாதீர்கள். பக்செக் கோட் 0 என்பது, நீலத்திரைப் பிழை எதுவும் பதிவாகாமலே கணினி ரீசெட் ஆகியிருப்பதைக் காட்டுகிறது.

ஸ்லீப்பில் எஸ்எம்பிஎஸ்ஸின் (கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டி) 5 வோல்ட் ஸ்டேண்ட்பை லைன் (ஊதா நிற வயர்) மட்டுமே உயிரோடு இருந்து ரேமைக் காக்கிறது. எழுப்பும்போது மற்ற லைன்கள் வந்து, சாம்பல் நிற வயரில் பவர் குட் சிக்னல் (மின்சாரம் சீராகிவிட்டது என்ற அறிவிப்பு) கிடைத்த பிறகு, பயாஸ் (மதர்போர்டில் உள்ள தொடக்க மென்பொருள்) ரேமை முதலிலிருந்து சோதிக்காமல் முன்பே சேமித்து வைத்த ரேம் டைமிங் அளவுகளைக் கொண்டே எழுப்புகிறது. அந்த அளவுகள் நூலிழையில் நிற்பவை என்றால், சாதாரணமாக பூட் ஆகும் அதே கணினி இந்த இடத்தில் தடுமாறிவிடும்.

முதலில் ஹைபர்னேட் (திறந்திருப்பதை டிஸ்க்கில் சேமித்துவிட்டு முழுதாக அணைவது) செய்து எழுப்பிப் பாருங்கள். அதில் டிரைவர்கள் மீண்டும் எழ வேண்டும், ஆனால் ரேம் வழக்கமான பூட்டிலேயே தயாராகிவிடும். அது ஒழுங்காக வந்தால் டிரைவர் மீதான சந்தேகம் பெரும்பாலும் விலகும். அண்மையில் ரேம் ஏதும் சேர்த்தீர்களா?

கேள்வி கேட்டவர்:
ஹைபர்னேட் சிக்கலின்றி எழுகிறது, அண்ணா. பழைய 2666 வேக ரேமுடன் 3200 வேக ரேம் ஒன்றைச் சேர்த்து, கடைக்காரர் எக்ஸ்எம்பியை (ரேமை அதிக வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) ஆன் செய்து கொடுத்தார்.

பதில் (கோவை, காந்திபுரம்):
அப்படியானால் 2666 ரேமும் 3200 வேகத்தில் ஓட வேண்டியிருக்கிறது. பயாஸில் எக்ஸ்எம்பியை ஆஃப் செய்துவிட்டுப் பாருங்கள்; பில் போடும் வேலையில் அந்த வேக வித்தியாசம் தெரியவே தெரியாது. பிறகும் விழுந்தால் ஒவ்வொரு ரேமையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, அதன்பின் வேறு எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். அதுவரை பவர் ஆப்ஷனில் ஹைபிரிட் ஸ்லீப்பை (ஸ்லீப்போடு டிஸ்க்கிலும் ஒரு நகல் வைப்பது) ஆன் செய்து வையுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆனாலும் திறந்திருந்த பில்கள் ஹார்டு டிஸ்க்கிலிருந்து திரும்பிவிடும்.

கேள்வி கேட்டவர்:
எக்ஸ்எம்பியை ஆஃப் செய்த பிறகு மதிய இடைவேளை, இரவு என எப்போது ஸ்லீப்பில் விட்டாலும் விட்ட பில்லிலேயே எழுகிறது. புது ரேமைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 2666 ஜோடியாக வாங்கலாமா, இப்படியே ஓட்டலாமா?

பதில் (கோவை, காந்திபுரம்):
இப்படியே ஓட்டுங்கள். அந்தப் பணத்துக்கு ஒரு எஸ்எஸ்டி வாங்கினால் பயன் கண்ணுக்குத் தெரியும்.