கேமில் வரும் இந்தத் துப்பாக்கி நிஜத்தில் எது?

கோத்தகிரிப் பையன்:
நான் ஆடுகிற கேமில் எந்தத் துப்பாக்கிக்கும் நிஜப் பெயர் கிடையாது, எல்லாம் கற்பனைப் பெயர்தான். அதில் ஒன்றுக்கு மேலே தூக்கிப் போகக் கைப்பிடி, இடது பக்கம் இழுத்து விடுகிற ஒரு குமிழ், அடியில் குட்டையான இரும்பு மேகசின், 20 குண்டு. ஒரு அழுத்துக்கு ஒரு குண்டுதான். அண்ணன் ஏகே என்று அடித்துச் சொல்கிறான். எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

மலை ரயில்:
இடது பக்கக் குமிழா? அப்படியென்றால் நம்ம ராணுவத்தின் இன்சாஸ் துப்பாக்கி. அதற்கும் கைப்பிடி உண்டு.

வெலிங்டன் ஹவில்தார் (ஓய்வு):
இரண்டும் இல்லை தம்பி. அது எஸ்.எல்.ஆர்., அதாவது செல்ஃப் லோடிங் ரைபிள். எம்.ஆர்.சி.யில் (வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையம்) எங்கள் கையில் கொடுத்ததே அதுதான். 4 கிலோவுக்கு மேல் எடை. வெலிங்டன் குளிரில், விடிகாலையில் அந்த இரும்பைப் பிடித்தால் விரல் சொன்ன பேச்சைக் கேட்காது.

ஏகேயின் குமிழ் வலது பக்கம். குண்டை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டைச் சுமக்கிற போல்ட் கேரியரோடு ஒன்றாகச் சேர்ந்தது என்பதால் ஒவ்வொரு குண்டுக்கும் பின்னால் போய் வரும். எஸ்.எல்.ஆர். குமிழ் இடது பக்கம், இழுத்து விட்ட பிறகு சுடும்போது அசையவே அசையாது. வீடியோவை மெதுவாக ஓடவிட்டுப் பார். இன்சாஸில் குமிழ் இடது பக்கம்தான், ஆனால் அதன் மேகசின் உள்ளே குண்டு தெரிகிற பிளாஸ்டிக், வளைந்திருக்கும். குண்டும் 5.56 மி.மீ., சின்னது. எஸ்.எல்.ஆருக்கு 7.62.

முன்னால் குழலுக்கு மேலே பார், கேஸ் ரெகுலேட்டர் வளையம் இருக்கும். சுடும்போது குழலிலிருந்து வரும் கேஸ்தான் பிஸ்டனைத் தள்ளிப் போல்ட்டைப் பின்னால் அனுப்பும்; அந்த வளையத்தைத் திருகித்தான் கேஸைக் கூட்டுவோம், குறைப்போம். அழுக்கேறிப் போல்ட் முழுசாகப் பின்னால் வராவிட்டால் உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவர்) முதலில் அங்கேதான் கை வைப்பார். கேம்காரர்கள் அதை வரைந்திருந்தால் நிஜத் துப்பாக்கியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எஸ்.எல்.ஆருக்கு மூலம் பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல். துப்பாக்கி. பிரிட்டன் அதில் தொடர்ந்து சுடும் வசதியை எடுத்துவிட்டு எல்1ஏ1 ஆக்கியது. நம்மூரில் இஷாப்பூரில் செய்தார்கள். பப்ஜியில் எஸ்.எல்.ஆர். என்ற பெயரிலேயே வரும், பேரன் ஆடும்போது பார்த்தேன்.

மலை ரயில்:
பப்ஜியில் வரும் கார்98 என்ற பழைய ஜெர்மன் துப்பாக்கியிலும் ஒரு நல்ல விஷயம் உண்டு. ஸ்கோப் இல்லாவிட்டால் 5 குண்டுப் பட்டையை மேலிருந்து ஒரே அழுத்து. ஸ்கோப் மாட்டினால் அந்த வழி மறைந்துவிடும், ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். நிஜத்திலும் பெரும்பாலும் அப்படித்தான்.

கோத்தகிரிப் பையன்:
மெதுவாக ஓட்டிப் பார்த்தேன் ஐயா, குமிழ் அசையவில்லை. வளையமும் இருக்கிறது! சரி, அதே கேமில் எம்16 மாதிரி இன்னொன்று. ஆனால் பட் (தோளில் பதிக்கிற பின்கட்டை) பக்கவாட்டில் மடிகிறது. மடித்தபடியே சுடுகிறான்.

வெலிங்டன் ஹவில்தார் (ஓய்வு):
அப்போது எம்16 இல்லை. அதில் போல்ட் பின்னால் வரும்போது பஃபரும் (அதிர்ச்சி தாங்கும் பாகம்) ஸ்பிரிங்கும் பட்டுக்குள் இருக்கும் குழாயில்தான் அமுங்கும். மடித்தால் அது எங்கே போகும்? ஏஆர்-18 என்ற வேறு துப்பாக்கியாக இருக்கலாம், அதில் ஸ்பிரிங் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. எம்16-இல் உள்ளது மாதிரி பின்பக்கம் டி வடிவ இழுப்பு இருந்தால் படம் வரைந்தவர் இரண்டு துப்பாக்கியைக் கலந்துவிட்டார். வலது பக்கம் குமிழ் இருந்து, சுடும்போது போய் வந்தால் ஏஆர்-18. பார்த்துவிட்டு எழுது.