வீட்டுக்கு ஒரு நாஸ் பாக்ஸ்

அத்தை: ஜிமெயில் 15 ஜிபி ஃபுல்னு சிவப்பா காட்டுது கார்த்தி. இனி மெயிலே வராதாம். எதைன்னு அழிக்க, எல்லாம் பேரன் போட்டோ

மாமா: 2021 ஜூன் வரைக்கும் போட்டோக்கு ஃப்ரீன்னு பழக்கிவிட்டு இப்ப மாசாமாசம் காசு கேக்குறான். வீட்டுலயே ஒரு நாஸ் பாக்ஸ், அதான் வீட்டு வைஃபைல எல்லாரும் போட்டோ சேத்து வைக்கிற ஹார்ட் டிஸ்க் பெட்டி, வாங்கி வச்சிரலாமான்னு பாக்குறேன்

சித்தப்பா: எதுக்கு மச்சான் புதுசு, பரண்ல பழைய சிபியு கிடக்குல்ல, அதுல ரெண்டு ஹார்ட் டிஸ்க்க மாட்டுனா வேலை முடிஞ்சுது

கார்த்தி: மாட்டலாம் சித்தப்பா, பழைய சிபியுவ நாஸா மாத்துற ஓபன்மீடியாவால்ட் சாஃப்ட்வேர் ஃப்ரீ தான். ஆனா அந்தப் பெட்டி சும்மா ஓடவே 60 வாட்ஸ் இழுக்குதுன்னு வைங்க, ராத்திரி பகலா ஓடுனா ரெண்டு மாசத்துக்கு 86 யூனிட், ஈபில ஃப்ரீயா தர்ற 100 யூனிட்ட அதுவே தின்னுரும். ரெண்டு டிஸ்க் நாஸ்னா 20 வாட்ஸ் கணக்குல 29 யூனிட் தான்

சித்தப்பா: அட

மாமா: 4 டிபி ரெண்டு போட்டா 8 டிபி தானே?

கார்த்தி: மிரர் போட்டா, அதாவது ரெண்டு டிஸ்க்லயும் ஒரே காப்பி வச்சா, 4 தான் மாமா. விண்டோஸ்ல 3.6ன்னு காட்டும், கடைக்காரர்ட்ட சண்டைக்குப் போயிராதீங்க, கம்பெனிக்காரன் 1000ல கணக்கு போடுறான் விண்டோஸ் 1024ல போடுது

பிரியா: டிஸ்க் சிஎம்ஆரான்னு பாத்து வாங்குங்க மாமா. எஸ்எம்ஆர்னா தடத்து மேல தடம் ஏத்தி எழுதுற வகை, நாஸ்ல எழுத ரொம்ப மெதுவாகிரும். 2020ல டபிள்யூடி கம்பெனி ரெட் டிஸ்க்ல சொல்லாமலே எஸ்எம்ஆர் போட்டு வித்து பெரிய பஞ்சாயத்தே ஆச்சு. ரெட் பிளஸ், இல்ல ஐயன்வுல்ஃப் வாங்கலாம்

பிரியா: அப்புறம் ரெண்டு டிஸ்க் இருக்கு, பேக்கப் எதுக்குன்னு விட்றாதீங்க. அத்தை ஒரு ஆல்பத்த அழிச்சா ரெண்டுலயும் சேந்தே போயிரும்

அத்தை: நான் ஏன்டி அழிக்கப்போறேன்

பிரியா: ஒரு பேச்சுக்கு அத்தை 😄 தனியா ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல காப்பி எடுத்து சித்தப்பா வீட்டு பீரோல வச்சிரணும். நம்ம வீட்டுல திருட்டு போனாலும் மழைத்தண்ணி ஏறுனாலும் திருநெல்வேலில ஒன்னு இருக்கும்

சித்தப்பா: வைக்கலாம். யூட்யூப்ல ஒருத்தர் ரவுட்டர்ல போர்ட் ஓபன் பண்ணிவிட்டா இங்கருந்தே போட்டோ பாக்கலாம்ங்கிறாரே

கார்த்தி: அய்யோ அது மட்டும் வேணாம். 2021 ஏப்ரல்ல க்யூலாக்கர்னு பணம் பறிக்கிற வைரஸ் ஒன்னு, நெட்டுக்குத் திறந்து கிடந்த க்யூநாப் கம்பெனி நாஸ் பாக்ஸுங்கள்ல புகுந்து ஃபைல எல்லாம் 7ஜிப்ல பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிட்டு 0.01 பிட்காயின் கேட்டுச்சு. டெயில்ஸ்கேல்னு ஒரு ஆப் போட்டுத்தர்றேன், போர்ட் திறக்காமலே நம்ம போன்ல மட்டும் தெரியும்

மாமா: கரண்ட் போனா? இன்வெர்ட்டர் இருக்கு

கார்த்தி: இன்வெர்ட்டர் மாறுற அந்தக் கண்சிமிட்டுற நேரத்துல ரீஸ்டார்ட் ஆனாலும் ஆகிரும் மாமா. சின்ன யுபிஎஸ் ஒன்னு, அதோட யுஎஸ்பி ஒயர நாஸ்ல சொருகிட்டா பேட்டரி இறங்குறதுக்கு முன்னாடி அதுவே ஷட்டவுன் ஆகிக்கும்

கார்த்தி: இதவிட பெரிய வேலை மாடிக்குப் போற லேன் கேபிள். அந்த முனைய கழட்டிப் பாத்தேன், எட்டு ஒயர்ல ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் தான் கோத்திருக்கான், நீலமும் பிரவுனும் ஓரமா வெட்டி விட்ருக்கு. இப்படி இருந்தா 100 எம்பிபிஎஸ் தான், ஒரு டிபி ஏத்த ஒரு நாள் முழுக்க ஓடும். எட்டையும் கோத்தா ரெண்டரை மூணு மணி நேரம்

மாமா: கேபிள் டிவி பையன் போட்டது, காசு மட்டும் முழுசா வாங்குனான் 😡

அத்தை: பூஜை ரூம்ல ஒரு பிளக் காலியா தான் இருக்கு, அங்க வச்சிரலாமா

பிரியா: சாம்பிராணிப் புகை அத்தனையும் ஃபேனுக்குள்ள போயிரும் அத்தை. படுக்குற ரூமும் வேணாம், ராத்திரி டிஸ்க் கரகரங்கும். மாடி வராண்டா அலமாரி ஓகே

கார்த்தி: ஞாயித்துக்கிழமை கேபிள் முனை மாட்டுற கிரிம்பர் எடுத்துட்டு வர்றேன், மொதல்ல கேபிள், அப்புறம் ஆர்டர் போடுங்க

அத்தை: அதுவரைக்கும் என் ஜிமெயிலுக்கு என்ன பண்ண

கார்த்தி: பெரிய வீடியோவ மட்டும் கம்ப்யூட்டர்ல இறக்குங்க, ஓடுதான்னு ஒவ்வொன்னா திறந்து பாத்துட்டு அப்புறமா அங்க அழிங்க

அத்தை: சரி, மாமாவ உக்கார வைக்கிறேன்