லவுடன் கவுண்டியில் வாழ்க்கை எப்படி? இங்கே இருப்பவர்கள் எழுதுங்கள்

ஆஷ்பர்ன்

வர்ஜீனியா மாநிலத்தில் எங்கள் லவுடன் கவுண்டிக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மாறி வர நினைக்கும் ஒரு குடும்பம் என்னிடம் கேட்டது: "அமெரிக்காவிலேயே குடும்ப வருமானம் அதிகமுள்ள கவுண்டி, பள்ளிக்கூடம் எல்லாம் நல்லா இருக்கு, அப்புறம் என்ன யோசனை?" எனக்கு ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நீங்களும் உங்கள் ஊர்ப் பெயரை மேலே போட்டு உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

1990இல் இந்தக் கவுண்டியில் சுமார் 86,000 பேர்தான் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 4,20,000ஐத் தாண்டிவிட்டது. வந்தவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போல, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோடு வந்தவர்கள். ஊரும் அவர்களுக்காகவே கட்டப்பட்டிருக்கிறது. பூங்கா, நீச்சல் குளம், நூலகம், விளையாட்டுத் திடல் என்று ஒன்றுக்கும் குறையில்லை. என் பிள்ளைகள் இங்கே வளர்ந்ததில் எனக்கு முழு திருப்தி.

சிரமம் தெரிந்தது என் அம்மா அப்பா வந்து தங்கியபோதுதான். இரண்டு பேருக்கும் கார் ஓட்டத் தெரியாது. பால் வாங்கக்கூட நடந்து போகிற தூரத்தில் கடை இல்லை. நாங்கள் வேலைக்குப் போனதும் தெரு முழுக்க ஆள் நடமாட்டமே இருக்காது. அவர்களுக்குக் கை கொடுத்தது பழைய ரயில் தடத்தில் போட்ட டபிள்யூ அண்ட் ஓ.டி. நடைபாதை. ஆர்லிங்டன் பக்கம் தொடங்கி ஆஷ்பர்ன், லீஸ்பர்க் வழியாக பர்செல்வில் வரை 45 மைல் போகிறது. அங்கே தினமும் நடக்கப் போய், ஒரு தெலுங்குத் தம்பதியும் ஒரு குஜராத்திப் பெரியவரும் அப்பாவுக்குப் பழக்கமானார்கள். அந்தப் பாதை இல்லையென்றால் அவர்கள் பாதியிலேயே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள்.

2022 நவம்பரில் வாஷிங்டன் நகரத்தின் சில்வர் லைன் மெட்ரோ ரயில் ஆஷ்பர்ன் வரை வந்தது இன்னொரு பெரிய மாற்றம். என் பையன் நண்பர்களோடு ரயில் ஏறி, ஸ்மித்சோனியன் ஸ்டேஷனிலேயே இறங்கி, மியூசியம் பார்த்துவிட்டு வருகிறான். அங்கே நுழைவுக் கட்டணமும் கிடையாது. பதினாறு வயசுப் பிள்ளை அப்பா அம்மா காரை எதிர்பார்க்காமல் ஓர் இடத்துக்குப் போய்வர முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவன் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

சவுத் ரைடிங்

பள்ளியைப் பார்த்து வீடு வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜனம் கூடக் கூடப் புதுப் பள்ளி திறப்பார்கள். திறக்கும்போதெல்லாம் எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்ற எல்லையும் மாறும். என் மகளின் நெருங்கின தோழி இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், இப்போது வேறு பள்ளி. அதற்காக அவள் அழுதது இன்னும் மனசில் இருக்கிறது. இந்தப் பள்ளிதான் நிரந்தரம் என்று நம்பி விலையைக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

ரூட் 50 சாலையின் நெரிசல் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். காலையில் அதில் போய்ப் பாருங்கள், போதும்.

லான்ஸ்டவுன்

டேட்டா சென்டர் (இணையத்தை ஓட்டும் கம்ப்யூட்டர்கள் நிறைந்த பெரிய கட்டடம்) பற்றி இன்னும் யாரும் எழுதவில்லையே. இங்கே அதைப் பேசாமல் வாழ்க்கைத் தரத்தைப் பேச முடியாது.

தொண்ணூறுகளில் ஏ.ஓ.எல். என்ற இணைய நிறுவனம் இங்கே டல்லஸ் விமான நிலையம் பக்கம் வந்தது, ஃபைபர் கேபிள்கள் வந்தன, பின்னாலேயே சர்வர் கட்டடங்கள் வந்தன. இன்றைக்கு உலகத்திலேயே இவ்வளவு நெருக்கமாக அவை இருக்கிற இடம் இதுதான் என்கிறார்கள். இதனால் கிடைத்த நன்மையையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கட்டடங்களுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்குக் கவுண்டி வரி வாங்குகிறது. வீட்டு வரி 2012இல் 100 டாலர் மதிப்புக்கு 1.20 டாலருக்கு மேல் இருந்தது, 2025இல் 81 சென்ட்டுக்குக் கீழே வந்துவிட்டது. வீட்டு மதிப்பு ஏறிவிட்டதால் கையிலிருந்து போகிற பணம் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஆனாலும் இந்த வருமானம் இல்லாமல் இத்தனை பள்ளிகளையும் சாலைகளையும் எங்கள் வரியிலேயே கட்டியிருந்தால் தாங்கியிருக்காது.

எங்களுக்கு வந்த பிரச்சினை மின்சாரம். அத்தனை கட்டடங்களுக்கும் மின்சாரம் கொண்டுவர ரூட் 7 பக்கம் 500 கிலோவோல்ட் உயரழுத்தக் கம்பி போடத் திட்டம் வந்தது. குடியிருப்புக்குப் பக்கத்தில் கோபுரம் வேண்டாம், மண்ணுக்கடியில் கொண்டுபோங்கள் என்று நாங்கள் கேட்டோம். தெருவில் பார்த்தால் கையசைத்துவிட்டுப் போகிற அளவுக்கு மட்டுமே பழகியிருந்த எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து வரைபடம் பார்த்தோம். கொரியர், பஞ்சாபி, இங்கேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்கார முதியவர்கள், தமிழர்கள் என்று எல்லாரும் இருந்தோம். அந்தப் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை.

2025 மார்ச்சில் கவுண்டி மேற்பார்வைக் குழு விதியை மாற்றியது. முன்பெல்லாம் சில பகுதிகளில் பொது விசாரணையே இல்லாமல் டேட்டா சென்டர் கட்டலாம். இனி புதிதாக விண்ணப்பிக்கும் ஒவ்வொன்றும் விசாரணைக்கு வந்தாக வேண்டும். பத்து வருடம் முன்னாலேயே செய்திருக்க வேண்டியது என்பது என் கருத்து.

வீடு பார்க்க வருகிறவர்கள் சனிக்கிழமை மத்தியானம் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். வாரநாள் காலை ஏழரைக்கு ரூட் 7இல் ஓட்டிப் பாருங்கள். ராத்திரி வந்து வாசலில் கொஞ்ச நேரம் நின்று, டேட்டா சென்டர்களின் குளிரூட்டும் விசிறிகள் இரைவது கேட்கிறதா என்று கவனியுங்கள். பக்கத்துக் காலி நிலத்தில் என்ன வரப்போகிறது என்பது கவுண்டி வரைபடத்தில் இருக்கும். அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பர்செல்வில்

நீங்கள் எல்லாரும் எழுதியது கிழக்குப் பக்கம். மேற்கே இன்னொரு லவுடன் இருக்கிறது. திராட்சைத் தோட்டம், குதிரைப் பண்ணை, இன்னும் தார் போடாத சரளைச் சாலைகள். வீட்டுக்குக் கிணற்றுத் தண்ணீர், செப்டிக் தொட்டி. அவற்றுக்கான செலவை முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மலைப்பக்கம் பனி கொட்டினால் கவுண்டி முழுக்கப் பள்ளிகளை மூடிவிடுவார்கள், ஆஷ்பர்னில் தரை காய்ந்திருந்தாலும் சரி. அதற்காகக் கிழக்கே இருப்பவர்கள் எங்கள் மேல் கோபப்படுவது தெரியும்!

இந்த மேற்குப் பாதி இப்படியே இருக்க வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

ஆஷ்பர்ன், மகன் வீட்டில்

ஐயா, அம்மா, எல்லாருக்கும் வணக்கம். நான் கோவில்பட்டியிலிருந்து வந்து தங்கியிருக்கிறேன். முதலில் எழுதியவரின் அப்பாவைப் போல எனக்கும் பகல் பொழுது போவது கஷ்டமாகத்தான் இருந்தது. நூலகத்தில் பழக்கமான ஒரு வியட்நாம்காரர்தான் இங்கே கவுண்டி பஸ் ஓடுகிறது என்று சொன்னார். என் மகனுக்கே அது தெரியவில்லை. இப்போது பஸ்ஸில் மெட்ரோ ஸ்டேஷன் வரை தனியாகப் போய் வருகிறேன். டிரைவர் அம்மா தினமும் "குட் மார்னிங்" சொல்கிறார். பெற்றோர் வந்திருந்தால் முதல் வாரமே பஸ்ஸில் கூட்டிப்போய்க் காட்டிக் கொடுங்கள். முருகன் கோயில் மட்டும் மேரிலாந்தில் லான்ஹமில் இருக்கிறது, அதற்குப் பிள்ளைகளுக்கு லீவு கிடைக்க வேண்டும்.

சார்ல்ஸ் டவுன், மேற்கு வர்ஜீனியா

நான் லவுடனில் குடியிருக்கவில்லை, அங்கே நர்ஸாக வேலை செய்கிறேன். இருந்தாலும் எழுதலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் உங்கள் வாழ்க்கைத் தரத்தில் எங்கள் உழைப்பும் இருக்கிறது. ரூட் 9 வழியாக மலையைத் தாண்டி வந்து போகிறேன். எங்கள் பக்கத்துத் தெருவில் ஓர் ஆசிரியையும் ஒரு தீயணைப்பு வீரரும் இதே போலத்தான் வருகிறார்கள்.

லவுடனில் குறைந்த வருமானக்காரர்களுக்கு ஏ.டி.யூ. என்று ஒரு வீட்டுத் திட்டம் உண்டு. எங்கள் இருவர் சம்பளத்தையும் சேர்த்தால் அந்த வருமான வரம்பைத் தாண்டிவிடுகிறது. வெளியில் வாங்கப் போனால் டவுன்ஹவுஸ்கூட எட்டாத விலை. மெட்ரோ நிலையங்களைச் சுற்றிப் புது அடுக்குமாடிகள் வரப் போகின்றன. டேட்டா சென்டர் வரிப்பணத்தில் கொஞ்சத்தை, எங்களைப் போல நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்காக அங்கே சில வீடுகள் கட்ட ஒதுக்கலாம். கவுண்டிக் கூட்டங்களில் பேசப் போகிறவர்கள் தயவுசெய்து இதையும் கேளுங்கள். நான் அந்த நேரத்தில் நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன்.